பத்து வருஷமா டை அடிக்கிறேன், ஒண்ணும் ஆகலையே... திடீர்னு முகம் வீங்குவது ஏன்?

தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்த சலூனுக்குள் நுழைந்தாலும், தலையில் கருப்பு பூசிக்கொண்டு காத்திருக்கும் ஒருத்தரைப் பார்க்கலாம். அப்பா, மாமா வயசுக்காரங்க மட்டுமில்லை, முப்பதைத் தாண்டிய ஐடி ஊழியரும் அந்த வரிசையில் உண்டு. 'எல்லாம் போர் தண்ணியால வந்த நரை' என்ற பேச்சும் கூடவே வரும்.

தண்ணீர்தான் காரணமா?

இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால், ஃபுளோரைடு முக்கியமாகப் பதம் பார்ப்பது பல்லையும் எலும்பையும்தான். நரைக்கு முதல் காரணம் வயதும் பரம்பரையும். சின்ன வயசிலேயே நரைத்தால் வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

டையில் என்ன இருக்கு?

நிரந்தரக் கருப்பு டைகளில் பெரும்பாலும் இருப்பது பாரா-ஃபீனிலீன்டைஅமின். சுருக்கமாக பிபிடி. ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கலந்ததும் இது முடிக்குள் புகுந்து, பெரிய நிற மூலக்கூறாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. குளித்தாலும் நிறம் போகாததற்குக் காரணம் இதுதான்.

சிக்கலும் இதில்தான். பல வருடம் பேசாமல் இருந்த உடம்பு, ஏதோ ஒரு கட்டத்தில் பிபிடியை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதன்பிறகு ஒவ்வொரு முறை டை அடிக்கும்போதும் தலையில் அரிப்பு, எரிச்சல், காது ஓரத்தில் கொப்புளம், கண் இமை வீக்கம் வரும். ஒருமுறை இந்த அலர்ஜி வந்துவிட்டால், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். 'இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே' என்பது உத்தரவாதம் கிடையாது.

கேன்சர் வருமா?

அமெரிக்காவில் 1,17,200 நர்ஸ்களை 36 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2020-ல் வெளியானது. டை பயன்படுத்தியவர்களுக்குப் பெரும்பாலான புற்றுநோய்களின் ஆபத்து கூடவில்லை. சில வகை மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், ஒருவகைத் தோல் புற்றுநோய் ஆகியவற்றில் மட்டும் லேசான அதிகரிப்பு தெரிந்தது. ஆக, பீதி வேண்டாம். அதேநேரம், வாரா வாரம் அடிக்கவும் வேண்டாம்.

'ஹெர்பல்' என்றால் பயமில்லையா?

சுத்தமான மருதாணி தரும் நிறம் செம்பழுப்புதான். அதன்மேல் அவுரி இலைப் பொடி பூசினால் கருமை வரும். ஒரே பூச்சில் அட்டைக்கரி நிறம் தரும் 'கருப்பு மருதாணி' பாக்கெட்டுகள் பலவற்றில் பிபிடி கலந்திருக்கிறது. 'அம்மோனியா இல்லை' என்று அட்டையில் போட்டிருந்தால் பிபிடி இல்லை என்று அர்த்தமில்லை. பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

* டை அடிப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன், பாக்கெட்டில் சொன்னபடி காதுக்குப் பின்னால் துளி தடவிப் பாருங்கள். பழைய பிராண்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும்.
* முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முழுத் தலைக்கும் பூசாமல், வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசினால் போதும்.
* புருவம், இமைக்குக் கூடவே கூடாது, பார்வையே போகலாம்.
* அரித்தால் உடனே கழுவிவிட்டு, தோல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் 108.
* குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

நம்மைவிட ஆபத்து யாருக்கு?

மாசம் ஒருமுறை தொடும் நமக்கு அல்ல, தினமும் தொடும் சலூன்காரருக்கு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2010-ல் வெளியிட்ட அறிக்கை, முடிதிருத்தும் தொழிலில் ஏற்படும் ரசாயனத் தொடர்பை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் வைத்தது. சொந்த உபயோகத்துக்கு டை அடிப்பதை வகைப்படுத்தப் போதிய ஆதாரமில்லை என்றது.

நரையை மறைப்பதும் அப்படியே விடுவதும் அவரவர் இஷ்டம். ஆனால், அடுத்த முறை சலூன் அண்ணன் வெறுங்கையில் டை கலக்கினால், 'கிளவுஸ் போட்டுக்கோங்கண்ணா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.