பாட்டிலை ஊற்றுமுன் மூடியைத் திறந்து பாருங்கள்

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டினால் என் பட்டறை. வேலைக்கு வருபவை பெரும்பாலும் வாடகை வண்டிகள்: டிசையர், இன்னோவா, எடியோஸ். டிசம்பர் பிறந்தால் அவற்றுக்கு ஓய்வே கிடையாது. இரவில் சென்னை விமான நிலையம், பகலில் ஆசிரமத்துக்கும் பெரிய கோயிலுக்கும் நடை. நடுவே புளியமர நிழல் தேடி, ஏசியை அணைக்காமல் மணிக்கணக்கில் காத்திருப்பு. கிலோமீட்டர் இரண்டரை லட்சம் என்று மீட்டர் சொல்லும். நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிய நேரத்தை அது எண்ணுவதில்லை. இரண்டு கிலோமீட்டர் ஓடி அணைக்கும்போது ஆயில் முழுச்சூட்டுக்கு வருவதுமில்லை. உள்ளே சேரும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து, நாளடைவில் கருப்புக் களியாகத் திரள்கின்றன. ஸ்லட்ஜ் என்கிறோமே, அதுதான்.

"அண்ணே, இழுவையே இல்ல. கிளீனர் பாட்டில் ஒண்ணு ஊத்திடலாமா?" என்று டிரைவர் தம்பிகள் கேட்பார்கள். அழுக்கு எங்கே இருக்கிறது, ஊற்றுவது அங்கே போய்ச் சேருமா? நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பெட்ரோல் வண்டிக்கு டேங்கில் ஊற்றும் கிளீனர் உண்மையில் உதவும். பாலிஈதர் அமைன் என்ற ரசாயனம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இன்ஜெக்டர் முனையில் படிந்ததை அது கரைக்கும். எரியும் சூட்டையும் தாங்குவதால் பிஸ்டன் தலையிலுள்ள கார்பனையும் மெல்லக் குறைக்கும். எடியோஸ் பெட்ரோல் போன்ற வண்டிகளில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் தெளிக்கப்படுவதால் அந்த இடமும் கழுவப்படும். நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதுவகை இன்ஜின்களில் வால்வுக்கு இந்தக் கழுவல் கிடைக்காது.

டீசல் வண்டியும் அப்படித்தான். இன்னோவா இழுக்காமல் திணறினால் பல நேரம் குற்றவாளி இன்டேக் மேனிஃபோல்டு. இஜிஆர் வால்வு திருப்பி அனுப்பும் புகைக்கரியும் ஆயில் ஆவியும் அங்கே சேர்ந்து, கைவிரல் நுழையாத அளவுக்குக் குழாயை அடைத்திருக்கும். டீசல் அந்த வழியில் போவதே இல்லை. எத்தனை பாட்டில் டேங்கில் ஊற்றினாலும் இன்ஜெக்டருக்குத்தான் பலன். மேனிஃபோல்டைக் கழற்றிக் கையால் சுரண்டிக் கழுவ வேண்டும். அரைநாள் வேலை, காசும் ஆகும். முடிந்ததும் மேடு ஏறும்போதே வித்தியாசம் தெரியும்.

நான் மிகவும் அஞ்சுவது இன்ஜின் ஃபிளஷை. பழைய ஆயிலில் ஊற்றி, வண்டியை நகர்த்தாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடிப்பது அதன் முறை. ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிக்குப் பெரிய ஆபத்தில்லை. பல வருடம் கவனிக்காத வண்டியில், திரண்ட ஸ்லட்ஜ் துண்டுதுண்டாகப் பெயர்ந்து ஆயில் தேங்கும் சம்ப்பிலுள்ள சல்லடையை அடைத்துவிடும். ஆயில் பிரஷர் விழும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் டர்போவும் பேரிங்குகளும் ஆயிலில்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்? டிசையரின் 1.3 மல்டிஜெட் டீசலில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும் ஆயில் பிரஷர்தான். ஃபிளஷுக்குப் பதில் மண்ணெண்ணெய், டீசல் ஊற்றும் பழைய பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அதனால் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புநிறப் படலம் மட்டும் என்றால் கவலையில்லை. களி அப்பியிருந்தால் ஃபிளஷ் வேண்டாம். டாப்பெட் கவரையும் சம்ப்பையும் இறக்கிக் கையால் சுத்தம் செய்துவிட்டு, நல்ல ஆயிலை மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு சேர்த்து இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். ஆயிலிலேயே அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் இருக்கிறது. ஊற்றிய ஆயில் சீக்கிரம் கறுத்தால் பதறாதீர்கள். அது வேலை செய்கிறது.

ஆயில் குடிக்கும் வண்டியா? பிஸ்டன் ரிங் கார்பனில் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளீனரால் சில சமயம் விடுபடும். சிலிண்டர் போர் தேய்ந்திருந்தால் எந்த ரசாயனமும் இரும்பை வளர்க்காது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிட்டு, பிறகு பணத்தை எடுங்கள்.