கட்சி வேற, நாடு வேற: கொடைக்கானல் சொல்லித் தரும் தேசப்பற்று

தேர்தல் முடிவு வரும் நாளில் வாட்ஸ்அப் குரூப்களைக் கவனித்திருக்கிறீர்களா? பிடித்த கட்சி ஜெயித்தால் 'நம்ம நாடு எங்கேயோ போகப்போகுது' என்பார்கள். பிடிக்காத கட்சி ஜெயித்தால் அதே ஆட்கள், 'இந்த நாடு உருப்படவே உருப்படாது' என்பார்கள். நாடு ஒரே ராத்திரியில் மாறிவிடவில்லை. மாறியது நாற்காலியில் இருப்பவர் மட்டும்தான்.

அப்படியானால், ஆள்பவரைப் பிடிக்காவிட்டாலும் நாட்டை நேசிக்க முடியுமா? நாட்டுக்கு நன்றியோடு இருப்பது என்றால் அரசு செய்வதற்கெல்லாம் தலையாட்டுவதா? இதற்குப் பதில் தேட டெல்லிக்குப் போக வேண்டாம். பழனி மலைத்தொடரில், கொடைக்கானலின் கடந்த 40 ஆண்டு வரலாற்றைப் பார்த்தாலே போதும்.

ஓட்டல் வழக்கில் என்ன நடந்தது?

1985-ல் கொடைக்கானலில் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கப்பட்டது. சோலைக்காடுகள் அழிவது, மலையில் கட்டடங்கள் பெருகுவது பற்றிக் கவலைப்பட்டவர்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு இது. கட்சி அமைப்பு அல்ல.

90-களின் முதல் பாதியில் 'பிளசன்ட் ஸ்டே' என்ற ஓட்டல், அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதல் மாடிகளைக் கட்டியது. மலைப்பகுதிக்கென்று தனி கட்டட விதிகள் உண்டு. அந்த விதிகளிலிருந்து இந்த ஓட்டலுக்கு மட்டும் விலக்கு கொடுத்து அன்றைய ஜெயலலிதா அரசு அரசாணை போட்டது. அதை எதிர்த்து மன்றம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசாணையை நீதிமன்றம் ரத்து செய்தது. ஓட்டல் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போயும் 1995-ல் பலன் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஒரு மலையூரைச் சேர்ந்த சிலர், மாநிலத்தின் அதிகாரம் மிக்க முதல்வர் ஒருவரின் அரசை எதிர்த்து நின்றார்கள். அவர்கள் கையில் இருந்தது நாட்டின் அரசியலமைப்பு கொடுத்த மனுப் போடும் உரிமை மட்டுமே. அரசை எதிர்த்தார்கள், ஆனால் நாட்டை நம்பினார்கள்.

தருமபுரியில் நடந்தது

ஆட்சி மாறிய பிறகு இதே விவகாரம் குற்ற வழக்காகவும் ஆனது. 2000 பிப்ரவரி 2-ம் தேதி தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. அன்றே தமிழ்நாட்டின் பல இடங்களில் வன்முறை வெடித்தது. தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்கு அ.தி.மு.க.வினர் சிலர் தீ வைத்தார்கள். 3 மாணவிகள் உயிரோடு எரிந்து இறந்தார்கள்.

ஓட்டல் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. அதாவது, அந்தத் தலைவருக்கு வேண்டிய நியாயத்தையும் இதே நாட்டின் சட்டமே கொடுத்தது. அதற்காக யாரும் ஒரு தீக்குச்சியைக்கூட உரசியிருக்கத் தேவையில்லை. அந்த 3 பேர் மட்டும் திரும்பி வரவில்லை.

தலைவர்தான் நாடு என்று நினைக்கும்போது, தலைவருக்கு எதிரான தீர்ப்பு தனக்கு எதிரான போர் மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. அதன் விலையை எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் கொடுக்கிறார்கள்.

பிடிக்காதவர் நல்லது செய்தால்?

கதை இதோடு முடியவில்லை. பழனி மலைக் காடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது சூழலியல் ஆர்வலர்களின் நீண்டகாலக் கோரிக்கை. அது 2013 செப்டம்பரில் நிறைவேறியது. சுமார் 609 சதுர கிலோமீட்டர் பரப்பு, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தது யார்? அதே ஜெயலலிதாவின் அரசு.

ஓட்டலுக்கு விலக்கு கொடுத்தவரும் காட்டுக்குக் காப்பு கொடுத்தவரும் ஒருவரே. அவருக்காக மட்டும் வாழ்பவருக்கு முதல் விஷயம் கண்ணில் படாது. அவரை வெறுக்க மட்டும் தெரிந்தவருக்கு இரண்டாவது விஷயம் படாது. மலையைப் பார்ப்பவருக்குத்தான் ரெண்டும் தெரியும். முதலாவதை எதிர்ப்பார், இரண்டாவதற்கு நன்றி சொல்வார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

பாதரச ஆலை: எத்தனை ஆட்சிகள்?

எந்த ஒரு கட்சியின் கணக்கிலும் மொத்தமாக எழுத முடியாத இன்னொரு கதையும் கொடைக்கானலில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 80-களின் தொடக்கத்தில் இங்கே வந்தபோது முதல்வர் எம்.ஜி.ஆர். பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள்ளேயே ஒரு பழைய பொருள் கடையில் கொட்டப்பட்டிருப்பது 2001 மார்ச்சில் அம்பலமானது. அப்போது முதல்வர் கருணாநிதி. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அப்போது முதல்வர் ஜெயலலிதா.

முன்னாள் தொழிலாளர்களின் உடல்நலக் கோரிக்கை மட்டும் இழுத்துக்கொண்டே போனது. உடல்நலப் பாதிப்புகளுக்கு ஆலை காரணமல்ல என்றே நிறுவனம் சொல்லிவந்தது. கடைசியில் 2016 மார்ச்சில், மனிதாபிமான அடிப்படையில் என்ற பெயரில் 591 பேருக்கு உதவித்தொகை தர உடன்பாடு வந்தது. இந்த 15 ஆண்டுகளில் சென்னையில் மூன்று முறை ஆட்சி கைமாறியது. டெல்லியில் வாஜ்பாய் போய், மன்மோகன் சிங் வந்து, அவரும் போய் மோடி வந்துவிட்டார். தொழிலாளர்கள் 'நம்ம ஆள் வரட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்' என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சட்டம் என்ன சொல்லுது?

அரசை விமர்சித்தால் தேசத்துரோகமா என்ற கேள்வி புதிதல்ல. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் 5 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதைத் தெளிவுபடுத்தியது. சட்டப்படி அமைந்த அரசு என்பது வேறு, இப்போதைக்கு நிர்வாகத்தை நடத்தும் நபர்கள் வேறு. வன்முறையைத் தூண்டாதவரை, அரசின் செயல்களைக் கடுமையாகக் கண்டிப்பதுகூட ராஜதுரோகம் ஆகாது.

குடிமகனின் கடமைகள் என்று அரசியலமைப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது: பிரிவு 51-ஏ. தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. காடு, ஏரி, ஆறு, வனவிலங்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆக, கொடைக்கானல் சோலைக்காட்டைக் காப்பாற்றுவதும் கொடிக்கு வணக்கம் செலுத்துவதும் சட்டத்தின் பார்வையில் ஒரே வரிசைதான்.

இந்தப் பிரிவு சேர்க்கப்பட்டது 1976-ல், இந்திரா காந்தியின் நெருக்கடிநிலைக் காலத்தில். அடுத்து வந்த ஜனதா அரசு, நெருக்கடிநிலையில் செய்யப்பட்ட பல மாற்றங்களை நீக்கியது. ஆனால் இந்தக் கடமைகளைத் தொடவில்லை. கொண்டுவந்தவர் யார் என்று பார்க்காமல், கொண்டுவந்தது என்ன என்று பார்த்தார்கள்.

இப்படி யோசித்தது நாம் மட்டுமல்ல. ஹிட்லரின் ஆட்சிக்குப் பிறகு, 'இனி இந்த நாட்டை எப்படி நேசிப்பது?' என்ற கேள்வி ஜெர்மானியர்களைத் துரத்தியது. தலைவர் மீதோ இனத்தின் மீதோ அல்ல, அரசியலமைப்பின் மீது பற்று வைக்கலாம் என்ற கருத்தை 1979-ல் டால்ஃப் ஸ்டெர்ன்பெர்கர் முன்வைத்தார். யூர்கன் ஹாபர்மாஸ் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்.

சரி, எதுக்கு நன்றி சொல்றது?

இந்த மலையிலேயே பட்டியல் போடலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கப்பட்டது. 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்துவருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் இங்கேதான். தொடங்கியது பிரிட்டிஷ் ஆட்சி. நேரு முதல் மோடி வரை எத்தனையோ பிரதமர்கள் வந்துவிட்டார்கள். வானம் தெளிந்த காலையில் யாரோ ஒரு ஊழியர் தொலைநோக்கியைத் திருப்பி அன்றைய சூரியனைப் பதிவு செய்கிறார். நாடு என்று நாம் சொல்வதில் அவருடைய அந்த வேலைக்கும் இடம் உண்டு.

அதேபோல, இந்த மலையில் பெய்யும் மழை தெற்கே மஞ்சளாறு வழியாக வைகைக்கும், வடக்கே சண்முகநதி வழியாக அமராவதிக்கும் போய்ச் சேர்கிறது. கீழே வயலில் நிற்பவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவராக இருந்தாலும் தண்ணீர் வருகிறது. மேலே யாரோ ஒரு வழக்குப் போட்டதால், யாரோ ஒரு வனக்காவலர் ராத்திரி ரோந்து போனதால், எப்போதோ ஒரு அரசு அறிவிப்பாணை போட்டதால் அந்தக் காடு இன்னும் நிற்கிறது.

அடுத்த தேர்தலில் உங்களுக்குப் பிடித்தவர் ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம். ஜெயித்தால் கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. தோற்றால் நாட்டை வெறுக்க வேண்டியதும் இல்லை. ரெண்டு நாளிலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நமக்குக் கிடைத்ததைக் கெடுக்காமல், முடிந்தால் கொஞ்சம் சரிசெய்து, அடுத்தவரிடம் கொடுப்பது.