சாயநீரும் மூவர் விருப்பமும்

துணிக்கு வர்ணம் ஏற்றும் தொழில் திருப்பூருக்குப் பெயரையும் பொருளையும் தந்தது; நொய்யல் நதிக்குத் தந்ததோ சாயநீரை. பாசனத்திற்கென 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷங்களிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. குடியானவர்கள் நியாயஸ்தலம் ஏறினர். கழிவுநீர் துளியும் வெளிச்செல்லலாகாதென 2006-ல் சென்னை ஹைகோர்ட்டார் விதித்தனர்; 2009-ல் சுப்ரீம் கோர்ட்டாரும் குடியானவர் பக்ஷமே நின்றனர். உத்தரவு அனுஷ்டானத்திற்கு வாராமை கண்டு, 2011 ஜனவரியில் ஹைகோர்ட்டார் சாயச்சாலைகளை மூடுவித்தனர்.

‘கரியிட்டு வடித்தால் நிறம் போய்விடுமே, பின் வழக்கேன்?’ என்பார் சிலர். கரி நிறத்தைக் கவரும் என்பது மெய். ருஷியாவில் லோவிட்ஸ் என்னும் ரஸாயன சாஸ்திரி 1785-லேயே இதனைக் கண்டார். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுப் பக்குவப்படுத்திய கரியில் ஒரு கிராமின் உட்புறப் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர்! சாயத்தின் அணுக்கூட்டங்கள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஆயின் இடங்கள் நிரம்பியபின் கரி வேறொன்றை ஏற்காது. இதற்குரிய கணிதத்தை லாங்மியூர் 1918-ல் வகுத்தார். நிரம்பிய கரியை மீண்டும் சூளையிலிட வேண்டும். குப்பையில் எறிந்தால் விஷம் இடம் மாறியதேயன்றி ஒழிந்ததாகாது.

அதனினும் பெரிய சங்கடம் உப்பு. பருத்தியில் சாயம் பற்றுதற்கு உப்பு ஏராளமாய் வேண்டும். கரி நிறத்தை நீக்கும், உப்பை நீக்காது. கண்ணுக்குத் தெளிந்த அந்நீர் வயலுக்கு நஞ்சே. உப்பை நீக்கச் சவ்வினூடே நீரை அழுத்தி வடிக்கவும், எஞ்சியதைக் காய்ச்சி வற்றச் செய்யவும் வேண்டும். இதற்குச் செலவு மிகுதி.

செலவு என்றதும் கக்ஷிகள் பிரிகின்றன. வழிகள் மூன்று என்போம்: சாலையை அகற்றுதல், முழுதும் சுத்தி செய்தல், கழிவைக் குழாய்மூலம் கடலுக்கு விடுதல். குடியானவர் இவற்றை இவ்வரிசையிலேயே விரும்புகிறார். தொழிலாளிக்குச் சுத்தி முதல், குழாய் அடுத்து, அகற்றல் கடை. முதலாளிக்குக் குழாய் முதல். அஃதின்றேல் வேற்றூர் போதல். தம் செலவில் சுத்தி கடை. இரண்டிரண்டாக வோட்டெடுப்பின், அகற்றல் சுத்தியை வெல்லும். சுத்தி குழாயை வெல்லும். குழாயோ அகற்றலை வெல்லும்! முடிவற்ற இச்சுழலைப் பிரெஞ்சு அறிஞர் கோந்தொர்சே அதே 1785-ல் எடுத்துக் காட்டினார். இந்நிலையில் எவ்விரண்டை முதலில் வோட்டுக்கு விடுவது என்று நிர்ணயிப்பவனே ஜயிப்பவன். ‘பெரும்பான்மையோர் விருப்பம்’ என்ற பேச்சைக் கேட்கும்போது இதனை மறவாதிருத்தல் நலம்.

சுழலைத் தகர்க்க வழியுண்டு. குழாய்வழியை ஜாபிதாவினின்று அடித்துவிட வேண்டும். கடலோரச் செம்படவரை எவரும் வோட்டுக் கேட்கவில்லையன்றோ? பிறர் நீரைக் கெடுப்பது விருப்பங்களுள் ஒன்றாக எண்ணத்தக்கதன்று. அடுத்து, சுத்திச் செலவில் சர்க்கார் பங்கு கொண்டால் முதலாளியும் வேற்றூர் போவதினும் சுத்தியையே மேலெனக் கொள்வார்; அப்பொழுது சுத்தியே வெல்லும், தொழிலாளியின் கூலியும் நிலைக்கும். மூடிய சாலைகளுக்குச் சர்க்கார் பின்னர் வட்டியில்லாக் கடன் அளித்தமை இவ்வழியில் ஓர் அடியே.

விருப்பத்தைக் கணிதம் அளக்கட்டும்; சாயத்தைக் கரி கவரட்டும். நீரின்மேல் கீழ்மடைக் குடியானவனுக்குள்ள உரிமையோ வோட்டினால் அளக்கற்பாலதன்று என்பதே நமது துணிபு.