வாஸ்கோடகாமா கண்டுபிடித்தது என்ன?

ஜூம் வகுப்பில் ஆசிரியர் மட்டுமே ஒரு மணி நேரம் பேசினால், பதினான்கு வயதுப் பிள்ளை கேமராவை அணைத்துவிட்டு விளையாடப் போய்விடும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. சாக்ரடீஸைப் போலக் கேள்வி கேட்டுப் பாருங்கள்.

1498 மே மாதம் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தார். இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் என்கிறது பாடநூல். அவருடன் வந்த ஒருவர் எழுதிய பயணக் குறிப்போ, கரைக்கு அனுப்பப்பட்ட ஆளிடம் ஸ்பானிய மொழியில் பேசியவர்கள் துனீஸ் நகரத்து முஸ்லிம்கள் இருவர் என்கிறது. இரண்டையும் திரையில் காட்டி, "அப்படியானால் அவர் கண்டுபிடித்தது என்ன?" என்று கேளுங்கள். பிறகு வாய் திறக்காதீர்கள். ஆன்லைனில் அரை நிமிட அமைதி அரை மணி நேரமாகத் தோன்றும், பொறுக்கத்தான் வேண்டும். "போர்ச்சுக்கல்லுக்குத்தானே அது புது வழி?" என்று ஒருவர் தொடங்குவார். "ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது சாதனை இல்லையா?" என்று இன்னொருவர் மறிப்பார். கூச்சப்படுவோர் சாட்டில் எழுதட்டும். யார் எதைச் சொன்னாலும், "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்காமல் விடக்கூடாது.

அடுத்த வாரம் இலக்கியம். 1572இல் வெளியான கமோயிஷின் 'லூசியாதஸ்' அதே பயணத்தைக் காவியமாக்கிப் புகழ்கிறது. அதே நூற்றாண்டில் ஷைக் ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்', மலபாரில் போர்ச்சுக்கீசியர் செய்த கொடுமைகளைப் பதிவு செய்கிறது. நம் பிள்ளைகள் உடனே மக்தூம் பக்கம் சாய்வார்கள். "இவரை மட்டும் ஏன் சோதிக்காமல் நம்புகிறாய்?" என்று அங்கே கேட்காவிட்டால், நடப்பது வகுப்பல்ல, பயான்.

எட்டு, பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். எல்லோருக்கும் பேச வாய்ப்பு வராது.