இல்லத்துக் கைத்தொழில்கள் – 9: பால் சோப்பும் வறண்ட சருமமும்

சென்ற வாரம் செக்கெண்ணெயைப் பற்றி எழுதியதன் தொடர்ச்சியாக, அந்த எண்ணெய் காரத்தோடு கூடிச் சோப்பாக மாறும் விதத்தையும், அதனுடன் பால் சேரும்போது வறண்ட சருமத்துக்கு எந்த அளவு நன்மை விளைகிறது என்பதையும் இந்த வாரம் ஆராய்வோம்.

கஞ்சமலையை அண்டி, தறியோசையை நம்பி வாழும் இளம்பிள்ளை போன்ற ஊர்களில் இந்த ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. பாவுக்குக் கஞ்சி தோய்ப்பவர்களும், சாயத் தொட்டியில் நாள்தோறும் கைநனைப்பவர்களும், மார்கழி பிறந்துவிட்டால் புறங்கை வெள்ளை பூத்து, குதிகால் வெடித்து, இரவெல்லாம் அரிப்பில் தவிப்பதுண்டு. சேலத்துச் சமவெளியின் வறண்ட காற்றோடு ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, அந்த நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு கூடி, நுரையைக் கெடுத்து, தோலின்மேல் மெல்லிய படிவாகத் தங்கிவிடுகின்றன. இந்நிலையில் காரம் மிகுந்த சோப்பைத் தேய்த்துக் குளிப்பவர், தோலில் எஞ்சியிருக்கும் கொஞ்ச நெய்ப்பையும் தம் கையாலேயே கழுவிக் களைகிறார்.

எண்ணெயும் கொழுப்பும், கொழுப்பமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த பதார்த்தங்கள் என்பதைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரல் பல்லாண்டு ஆராய்ந்து, 1823-இல் நூலாக வெளியிட்டார். காஸ்டிக் சோடா என்னும் காரம் எண்ணெயைத் தாக்கும்போது கொழுப்பமிலம் சோப்பாகிறது. கிளிசரின் தனியே பிரிகிறது. எண்ணெயின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரும் இந்தக் கிளிசரின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. பெரிய ஆலைகள் பலவும் இதைப் பிரித்தெடுத்து வேறு உபயோகங்களுக்கு விற்றுவிட, வீட்டில் செய்யும் சோப்பிலோ அது முழுமையாகத் தங்கிவிடுகிறது. வறண்ட தோலுக்கு வீட்டுச் சோப்பு இதமாக இருப்பதன் முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், காரம் முழுவதும் தீர்ந்த பின்னும் சோப்பாகாமல் எஞ்சி நிற்கும் எண்ணெய். பால் மூன்றாவதாகத்தான் வருகிறது. பாலின் கொழுப்பில் பெரும்பகுதியும் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். பாற்சர்க்கரையும் புரதமும் நுரைக்கு மென்மையும் கனமும் அளிக்கும். பால் ஒன்றே தோலின் நோயைத் தீர்த்துவிடும் என்று நம்புவதற்குச் சாஸ்திர ஆதாரம் போதாது.

இச்சோப்புக்கு வேண்டிய பொருள்களுக்காக நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. இப்பிரதேசத்து மானாவாரிக் காடுகளில் எள்ளும் ஆமணக்கும் விளைகின்றன. ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் உரிய ஆராய்ச்சி நிலையம் ஏத்தாப்பூரில் இருக்கிறது. 1934-இல் அணை திறக்கப்பட்ட மேட்டூரில், உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுக்கும் தொழில் பின்னாளில் வேரூன்றியது. சேலம் கருப்பு என்று பெயர்பெற்ற வெள்ளாட்டினம் இப்பகுதிக்கு உரியது. இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் அது குட்டிக்குப் போக மிச்சமாய்த் தரும் பால் சொற்பமேயாயினும், சோப்புக்கு வேண்டுவதும் சொற்பமே.

இனி அளவைக் காண்போம். தேங்காய் எண்ணெய் 250 கிராம், நல்லெண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம் என்று 500 கிராம் எண்ணெய் எடுத்தால், அதை முழுவதும் சோப்பாக்கச் சுமார் 79 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நாம் 73 கிராம் மட்டுமே சேர்ப்போமாயின், எண்ணெயில் ஏழு சதவீதத்துக்குச் சற்றே மேற்பட்ட பங்கு தோலுக்கென்று எஞ்சும். பால் 160 கிராம். இவை அனைத்தையும் மின்தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும். ஆழாக்கும் கரண்டியும் இங்கே உதவா. எண்ணெயை மாற்றினால் சோடாவின் கணக்கும் மாறும் என்பதை மறக்கலாகாது.

பாலை முன்னதாகவே ஃப்ரீசரில் கட்டியாக உறையவைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, அப்பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி, சோடாவைச் சிறிது சிறிதாகப் பாலின்மேல் தூவிக் கலக்கவேண்டும். சோடா கரையும்போது எழும் உஷ்ணம் பாற்சர்க்கரையைக் கருக்கி, நிறத்தைப் பழுப்பாக்கி, கார நெடியை எழுப்புமாதலால் இந்தக் குளிர்ச்சி அவசியமாகிறது. சோடாவின்மேல் பாலை ஒருபோதும் ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே கூடாது, ஏனெனில் சோடா அதை அரித்துத் தீப்பற்றும் வாயுவை வெளிப்படுத்தும். கண்காப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்து, குழந்தைகள் அண்டாத காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்தல் வேண்டும். மேலே தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும்.

கரைந்த காரப்பாலை எண்ணெய்க் கலவையில் ஊற்றி, தோசைமாவுப் பதம் வரும்வரை கடைந்து, காகிதம் விரித்த அச்சில் வார்த்து, குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். ஓரிரு நாளில் கெட்டியானதும் கையுறையோடு வில்லைகளாக அறுத்து, நிழலில் இடைவெளிவிட்டு அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆறவிட வேண்டும். இந்தக் காத்திருப்பில் ஈரம் வற்றி, வில்லை இறுகி, நுரை சாந்தமடைகிறது. அவசரக்காரர் பொறுமையின்றி அன்றே எடுத்துத் தேய்த்துக்கொண்டால், வறட்சியைப் போக்க எண்ணியவர் அதை வளர்த்தவராவார்.

ஆறிய சோப்பும் காரத்தன்மை நீங்கியதன்று. நம் தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. சோப்பின் காரத்தன்மையோ பி.எச். அளவில் ஒன்பது, பத்து என்ற எண்களில் நிற்பது. ஆகவே உடல் முழுதும் தேய்த்து ஊறவிடாமல், வேண்டிய இடத்தில் மட்டும் பூசிக் கழுவி, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காய் எண்ணெயைச் சிறிதளவு தடவிக்கொள்வதே முறை. வெடிப்பில் இரத்தம் கசிந்தாலோ, தடிப்பும் நீரும் கண்டாலோ, சோப்பை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரை நாடுதலே நன்று. இதைச் செய்து விற்க விரும்புவோர், அழகுப் பொருள்களுக்கான சட்டப்படி உரிமம் பெற்ற பின்னரே விற்பனைக்கு இறங்கவேண்டும்.

ஆக, பால் சோப்பின் நன்மை பாலின் பெயரில் இல்லை. நிறுத்துச் சேர்த்த அளவிலும், எஞ்சவிட்ட எண்ணெயிலும், பொறுத்திருந்த வாரங்களிலுமே இருக்கிறது. இதை வீட்டில் செய்ய முற்படும் நண்பர்கள் முதலில் ஒரு நல்ல தராசை வாங்கட்டும். பாலைப் பிறகு தேடலாம். அடுத்த வாரம், சோப்பு வருமுன் கொங்குநாட்டுப் பெண்டிர் தலைக்குத் தேய்த்து வந்த அரப்புப் பொடியைப் பற்றி எழுதுவேன்.