கட்டண உயர்வும் இணைய இணைப்பு மாற்றமும்

பிரிட்டனில் வீட்டு பிராட்பேண்ட் கட்டணம் ஒப்பந்தக் காலத்தின் நடுவிலேயே உயர்வது வாடிக்கையாகிவிட்டது. பணவீக்கத்துக்கேற்பக் கட்டணத்தை உயர்த்தும் விதிகளைப் புதிய ஒப்பந்தங்களில் சேர்ப்பதற்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2025 ஜனவரி 17 முதல் தடை விதித்தது.

ஆனால் கட்டண உயர்வே தடைசெய்யப்படவில்லை. எவ்வளவு உயரும், எப்போது உயரும் என்பதை ஒப்பந்தம் செய்யும்போதே பவுண்டு, பென்ஸ் கணக்கில் கூற வேண்டும் என்பதே விதி. அவ்வாறு கூறப்பட்ட உயர்வுக்காக இடையில் விலகுவோர் பொதுவாக விலகல் கட்டணம் செலுத்த நேரிடும். ஒப்பந்தத்தில் கூறப்படாத உயர்வு என்றால், அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் அபராதமின்றி விலகும் உரிமை உண்டு.

நிறுவனம் மாறும் நடைமுறை 2024 செப்டம்பர் 12 முதல் எளிதாக்கப்பட்டது. புதிய நிறுவனத்தை மட்டும் அணுகினால் போதும். பழைய இணைப்பை முடிவுக்குக் கொண்டுவரும் ஏற்பாடுகளை அதுவே செய்யும். விலகல் கட்டணம் ஏதும் இருந்தால் பழைய நிறுவனம் அதை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

ஆகவே, முதலில் கவனிக்க வேண்டியது ஒப்பந்தம் முடியும் தேதி. அதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன்பு நிறுவனம் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அதைப் பொருட்படுத்தாமல் விடுவோர், புதிய வாடிக்கையாளர்களைவிடப் பெரும்பாலும் அதிகக் கட்டணமே செலுத்துகின்றனர்.