புள்ளி காட்டும் திரை

கருவி வாங்கப் புகுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, அதன் விலை யாது என்பதன்று. அது நமக்குச் செய்யவேண்டிய பணி யாது என்பதே. கணினி வாங்கச் செல்லும் ஆசிரியரும் மாணவரும் இவ்வினாவை மறந்து, கடைக்காரர் கூறும் வேகத்தையும் அளவையும் கேட்டு மயங்குதல் நாம் காண்பதொன்று.

என் பிழையையே முதற்கண் கூறிவிடுகின்றேன். பெரிய திரையே கண்ணுக்கு நன்று என்றெண்ணி, சென்ற ஆண்டு 27 அங்குலத் திரையொன்றை வாங்கினேன். மாணவர் மலரொன்றை அதிலே இருமுறை ஒப்புநோக்கி அச்சுக்கு அனுப்பினேன். மலர் வந்தபோது, 'கல்வி' என்னுஞ் சொல் ஓரிடத்திற் புள்ளியிழந்து நின்றது. புள்ளி நீங்கிய அச்சொல்லின் பொருளைத் தமிழறிந்தார்க்கு யான் விரிக்க வேண்டுவதில்லை. மாணவர் நகைத்தனர்; யான் நாணினேன்.

சொல்லிற் பழகிய கண், இல்லாத புள்ளியையும் உள்ளதாகக் கொண்டது. திரையும் அதற்குத் துணை போயிற்று. எங்ஙனமெனிற் கூறுவேன். திரையிற் காணும் எழுத்தெல்லாம் நுண்ணிய படப்புள்ளிகளின் திரட்சியே. கிடையாக 1920, நிலையாக 1080 படப்புள்ளிகள் கொண்ட திரைகள் கடைகளிற் பெருவழக்கு. அத்தொகை 24 அங்குலத் திரையில் அடங்கின் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92. 27 அங்குலத்திற் பரந்தால் 82 மட்டுமே. திரை வளர எழுத்தின் நுண்மை தேய்ந்தது. அதே 27 அங்குலத்தில் 2560, 1440 என அமையின் 109. 3840, 2160 என அமையின் 163. நம் எழுத்தோ வளைவும் சுழியும் மலிந்தது. ணகர னகரச் சுழிகளும், ரகரமும் காலும், மெய்யின் தலைப்புள்ளியும் மயங்காது நிற்க இந்நுண்மை வேண்டும். பணம் குறைவாயின், மங்கிய பெருந்திரையினும் 24 அங்குலமே மேல்.

திரையின் வகையும் நோக்கத்தக்கது. ஐ.பி.எஸ். வகை பக்கத்திலிருந்து பார்ப்பினும் நிறம் பெரிதும் மாறாது; மாணவர் சூழ்ந்திருந்து காண ஏற்றது. வீ.ஏ. வகையிற் கருமை ஆழ்ந்து தோன்றும். படம் பார்ப்பார்க்கு உவப்பு. டி.என். வகை, நோக்குங் கோணம் மாற மங்கும்.

கணினியைப் பற்றிச் சில சொல்லே அமையும். எழுதவும் படிக்கவும் 8 ஜிகாபைற் நினைவகமும், வன்றட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் போதும். மேசைக்கணினி உறுப்பு மாற்ற எளிது; ஆயின் மின் நின்றால் தானும் நிற்கும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை மறவாதார் மின்கலமுடைய மடிக்கணினியின் அருமையை உணர்வர். 1920, 1080 படப்புள்ளிகள் 14 அங்குல மடிக்கணினியில் நெருங்கி அங்குலத்துக்கு 157 ஆதலின் எழுத்துத் தெளியும். ஆயினும் கழுத்துக் குனிய நேரும். ஆகவே மடிக்கணினியோடு நல்ல திரையொன்றை இணைத்துக்கொள்வதே என் துணிபு. பழைய கணினி வாங்குவோர், அதில் விண்டோஸ் 11 இயங்குமா எனக் கேட்டறிக. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது.

கடைக்குச் செல்வோர் தமிழ்ப் பக்கமொன்றை உடன்கொண்டு செல்க. அதனை வழமையான எழுத்தளவில் திரையில் விரித்து, கையெட்டுந் தொலைவில் அமர்ந்து, ஒரு பந்தியை வாசிக்க. புள்ளிகள் தாமே கண்ணிற் படின் வாங்குக. தேடிக் காணவேண்டின் விட்டு நீங்குக.

யான் வாங்கிய பெருந்திரை இப்பொழுது வீட்டார் படம் பார்க்கப் பயன்படுகின்றது. அடுத்த மலரைச் சிறிய திரையொன்றில், புள்ளி புள்ளியாக ஒப்புநோக்கிக் கொண்டிருக்கின்றேன்.